பார்க்க ஒண்ணுமில்ல அண்ணாச்சி!

தூத்துக்குடியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அட்டையில் 'தூத்துக்குடி: வரலாறும் வழிகாட்டலும்' என்று சிவப்பு மையில் எழுதி, ஸ்கேல் வைத்துக் கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். எந்த ஆண்டில் யார் வந்தார்கள், எங்கிருந்து எது எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் உள்ளே உண்டு. இதுவரை யாரும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் என் மனைவி பால் கணக்கு எழுதியிருக்கிறாள். அந்த நோட்டில் இந்த வீட்டார் படித்த ஒரே பக்கம் அதுதான்.

விடுமுறைக்குத் தூத்துக்குடி போகலாம் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கு முதலில் காதில் விழ வேண்டும். இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன்.

"கடல்தானே? இங்கேயே மெரினா இருக்கே?" என்றாள் மகள்.

"இது வங்காள விரிகுடா. அது மன்னார் வளைகுடா" என்றேன், கையால் காற்றில் வளைவு போட்டுக் காட்டி.

"தண்ணி இனிக்குமா?" என்றாள் மனைவி.

காப்பாற்றியது மாமியார்தான். அத்தைக்குத் திருச்செந்தூர் முருகனிடம் ஒரு வேண்டுதல் பாக்கி. சன்னிதியில் நின்று கும்பிடுகிற வரை கவிச்சி தொடுவதில்லை என்று விரதமும் இருந்தார். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் நாற்பது கிலோமீட்டர் என்று எடுத்துச் சொன்னேன். "மாப்பிள்ளை ஆசைப்படுறார், அப்படியே தூத்துக்குடியையும் பாத்துட்டு வந்துடலாம்" என்று அத்தை தீர்ப்புச் சொல்ல, முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டோம்.

ரயிலிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டேன். 1914-ல் பாம்பன் பாலம் வருவதற்கு முன்பு இலங்கைக்குப் போகிறவர்கள் எல்லாம் சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து கப்பலேறிக் கொழும்பு போனார்கள் என்று விளக்கினேன். மேல் படுக்கையிலிருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். ஒருவராவது ஆர்வமாகக் கேட்கிறாரே என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். "சார், அந்த லைட்டை அணைக்கிறீங்களா?" என்றார்.

காலையில் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. ஓட்டுநர் என்னைப் பார்த்து, "எங்க போணும் அண்ணாச்சி?" என்றார். நோட்டைப் பிரித்தேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"ஊரைச் சுத்திப் பாக்க வந்தோம். என்னென்ன பாக்கலாம்?" என்று கேட்டுவைத்தேன். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று சோதிக்கிற எண்ணம்தான்.

"பாக்க ஒண்ணுமில்ல அண்ணாச்சி. திங்க நெறைய இருக்கு."

டிவியில் எந்த சேனல் பார்ப்பது என்பதில்கூட ஒருமித்த கருத்துக்கு வராத என் குடும்பம் அந்த ஒரு வாக்கியத்தில் ஒன்றுபட்டது. அன்று முதல் எங்கள் பயணத்துக்கு வழிகாட்டி அவர்தான். நான் பை தூக்கி.

முதலில் கடல். முத்துநகர்க் கடற்கரைக்குப் போனோம். என் மகள் மெரினா அலையில் வளர்ந்தவள். இங்கே தண்ணீர் மெல்ல வந்து காலை நனைத்துவிட்டு, மெல்லப் போனது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, கடல் ரிப்பேரா?" என்றாள்.

எனக்கு வேண்டியது இந்த மாதிரிக் கேள்விதான். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் பக்கம் வரை கரையை ஒட்டி 21 தீவுகள் இருப்பதையும், அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகள் அலையின் வேகத்தை உடைத்துவிடுவதையும், 1986-ல் இந்தப் பகுதியைக் கடல்வாழ் உயிரினங்களுக்கான தேசியப் பூங்காவாக அறிவித்ததையும், பவளப் பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே போய்விட்டதையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் பக்கத்தில் யாரும் இல்லை. எல்லாரும் தண்ணீரில் நின்றார்கள். மெரினாவில் மணலைத் தாண்டி ஒரு அடி வைக்காத அத்தை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, "மாப்பிள்ளை, இதுதான் மரியாதை தெரிஞ்ச கடல்" என்றார். குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

தீவுகளுக்கு நினைத்தபடி போக முடியாது, வனத்துறையின் அனுமதி வேண்டும். சாலை வழியாகவே போகக்கூடிய ஒன்று உண்டு, துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவு. பெயரைக் கேட்டதும் என் மகன் கேரட் வாங்கச் சொன்னான். வாங்கினேன். மணல், காற்று, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் எல்லாம் இருந்தன. முயல் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கேரட்டை நான் தின்றேன்.

மறுநாள் விடியற்காலையில் உப்பளம். இந்த ஊருக்குப் போய் உப்பளம் பார்க்காமல் திரும்புகிறவர்கள் பாதி ஊரைப் பார்க்கவில்லை. நாட்டில் உப்பு விளைச்சலில் குஜராத் முன்னே நிற்கிறது. அதற்கு அடுத்து வருகிற தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தின் அளங்களில் விளைவது. மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம், நிலம் தட்டை. விவசாயி எவற்றை நினைத்து அழுவாரோ அவையெல்லாம் இங்கே முதலீடு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் வேலை அடுத்த மழை வரும் வரை நடக்கும். தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவைத்து, பதம் வந்ததும் உப்பு பூக்கும். அதை நீண்ட கழி பூட்டிய பலகையால் வாரிக் கரையில் குவிக்கிறார்கள்.

கண் கூசும் வெயில் ஏறுவதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். புடவைக்கு மேல் சட்டை, தலையில் துணி சுற்றிய ஓர் அம்மாவிடம் போய், கடல்நீர் ஆவியாகும்போது எந்த உப்பு முதலில் படியும், எது பின்னால் படியும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். வயதுக்கு மரியாதை கொடுத்து முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி அண்ணாச்சி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பாத்தியில நிக்கிதீய" என்றார்.

அங்கே வெறுங்காலோடு நின்றவர்களின் பாதங்களை என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் சாப்பாட்டில், "சாம்பார்ல உப்பு கம்மி" என்றேன். "அவங்க அந்த வெயில்ல நின்னு வாரிப் போடுறாங்க. இங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு உப்பு கம்மியா? எழுந்து போய் எடுத்துப் போட்டுக்குங்க" என்றாள். அதிலிருந்து எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு எப்போதும் சரியாக இருக்கிறது.

முத்துநகர் என்றால் முத்து வாங்க வேண்டாமா என்று மனைவி கேட்பாள் என்பதை நான் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தேன். நோட்டில் அதற்கென்று தனி அத்தியாயம் உண்டு. செலவைத் தவிர்ப்பதற்கு வரலாற்றைப் போல உதவுவது வேறில்லை. "பாண்டியர் காலத்துக் கொற்கை முத்து உலகப் புகழ் பெற்றது உண்மை. ஆனால் இந்தக் கடலில் பெரிய அளவில் முத்துக் குளிப்பு 1961-ஓடு முடிந்துவிட்டது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அது ஆராய்ச்சி. கடையில் நீ பார்க்கிற முத்து உன்னை மாதிரியே வெளியூரிலிருந்து வந்தது" என்றேன்.

கல்யாணமானதிலிருந்து நான் பேசியதை அவள் முழுதாகக் கேட்டது அப்போதுதான். அந்த உற்சாகத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முத்துக் குளிக்கிறவர்களைச் சுறா தீண்டாமல் இருக்க, மந்திரம் ஓதி அதன் வாயைக் கட்டும் கடல்கட்டிகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இந்த மந்திரக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. இரவில் திருடர்கள் முங்கிவிடக் கூடாது என்று சாயங்காலமே கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்.

"இப்பவும் அவங்க யாராவது இருக்காங்களா?" என்று ஆவலாகக் கேட்டாள் மனைவி.

"எதுக்கு? நாம கடல்ல இறங்கப் போறதில்லையே."

"சுறாவுக்கு இல்லைங்க. இருபதுல ஒரு பங்கு என்ன, பத்துல ஒரு பங்கே குடுத்துடலாம். சாயங்காலம் அவுத்துவிடவும் வேண்டாம்."

துறைமுகத்துப் பக்கம் போனபோது வ.உ.சி.யைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. துறைமுகத்துக்கே இப்போது அவர் பெயர்தான். 1906-ல் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக இங்கே சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட மனிதர். எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அதுவும் பலிக்காமல் போக, பயணமே இலவசம், கூட ஒரு குடையும் இலவசம் என்று இறங்கியது. அப்படியும் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்துப் போன ஜனங்கள் இருந்தார்கள். 1908-ல் அவரைச் சிறைக்கு அனுப்பி, செக்கிழுக்க வைத்து, கம்பெனியையும் முடித்துவிட்டார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு நிமிடம் எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். மகன்தான் கேட்டான்: "அப்பா, நீ அப்போ இருந்திருந்தா எந்தக் கப்பல்ல போயிருப்ப?"

பதிலுக்கு நான் வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "உங்கப்பா குடையை வாங்கிக்கிட்டு, 'பெரிய சைஸ் இருக்கா'ன்னு கேட்டுட்டு நின்னிருப்பார்டா." பாத்திரக் கடையில் நான் கரண்டி இலவசமாகக் கேட்டு அரை மணி நேரம் நின்ற சரித்திரம் அவள் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டுக்குப் பக்கக் கணக்கு கிடையாது.

ஊருக்குள் குரூஸ் பர்னாந்து சிலையையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பு, நடுவே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த ஊர் இது. நகராட்சித் தலைவராக இருந்த அவர்தான் தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் கொண்டுவந்தவருக்குச் சிலை வைத்து, மாலையும் போடுகிற ஊர். அந்தச் சிலையின் எதிரே, குடும்பத்தின் தண்ணீர் பாட்டில்கள் அத்தனையையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு நான் நின்றேன். "அப்பா, நகரு, போட்டோல சிலையை மறைக்கிற" என்றாள் மகள்.

பனிமய மாதா பேராலயத்துக்கு ஆட்டோக்காரரே அழைத்துப் போனார். 1982-ல் பசிலிக்கா என்ற தகுதி பெற்ற ஆலயம். ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள் என்றார். எங்கள் அத்தை மாதாவின் முன்னால் கண்மூடி நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மான்னா எல்லா ஊர்லயும் அம்மாதான்" என்றார். போர்ச்சுக்கீசியர் வருகை, பரதவர் மதம் மாறிய வரலாறு என்று நான் எழுதிவைத்திருந்த மூன்று பக்கத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போனது.

அடுத்து மக்ரூன். தூத்துக்குடி பேக்கரியில் அதைக் குவித்துவைத்திருப்பார்கள். கூம்பு கூம்பாக, வெளுப்பாக, கையில் எடுத்தால் கனமே தெரியாது. வாயில் போட்டால் ஓசை கேட்கும், அடுத்த நொடி ஒன்றும் இருக்காது. அத்தை ஒன்று எடுத்தார், இரண்டு எடுத்தார், கணக்கு விட்டுப்போனது. "இதுல என்ன போடுறாங்க மாப்பிள்ளை? வாயில வச்சதும் கரையுதே?" என்றார்.

மனைவி என் காலை மிதித்தாள். நான் அதை ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன். "ஐரோப்பாவில் பாதாம் போடுவார்கள். இங்கே முந்திரி. அந்த முந்திரியையும் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்தான். முந்திரிப் பொடி, சர்க்கரை, அப்புறம் நுரை பொங்க அடித்த முட்டை வெள்ளைக்கரு..."

பேக்கரியில் இருந்த எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். கவிச்சி விரதம், திருச்செந்தூர் இன்னும் போகவில்லை, கையில் பாதி மக்ரூன். அத்தை யோசித்தார். "மஞ்சக்கரு இல்லையே?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சரி. வெள்ளைக்கரு கவிச்சியில சேராது" என்று மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார். கடைக்காரர் கூடுதலாக ஒன்றை மரியாதையோடு நீட்டினார்.

சுற்றுவட்டாரத்தைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த பட்டியல் நீளம். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி, வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம், பாரதி பிறந்த எட்டயபுரம், முதுமக்கள் தாழிகளின் ஆதிச்சநல்லூர், தாமிரபரணிக் கரையின் நவதிருப்பதி. இதில் பாஞ்சாலங்குறிச்சிக்கு மட்டும் குடும்பம் கண்டிப்பாக மறுத்தது. கோட்டை வாசலில் நின்று சிவாஜி பாணியில் வசனம் பேசுவேன் என்று பயம். பயத்துக்குக் காரணம் இருந்தது. ரயிலிலேயே இரண்டு முறை தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நேராகத் திருச்செந்தூர். கடற்கரையில் கோயில், கோயிலைத் தொட்டுக்கொண்டு கடல். கடலுக்குச் சில அடி தூரத்திலேயே நாழிக்கிணற்றில் உப்புக் கரிக்காத தண்ணீர். விபூதியைப் பன்னீர் இலையில் வைத்துத் தருவார்கள். நீண்ட வரிசையில் நின்று, அத்தை சன்னிதியில் கண்ணீரோடு கும்பிட்டார். நெகிழ்ந்துபோய் அருகில் நின்றேன். வெளியே வந்து, நெற்றி விபூதி காய்வதற்குள், "மாப்பிள்ளை, அந்த ஆட்டோக்காரத் தம்பி ஏதோ பரோட்டாக் கடைன்னு சொன்னாரே" என்றார்.

இரவு தூத்துக்குடி திரும்பியதும் அதே ஆட்டோ, அதே தம்பி. பரோட்டாக் கல் தெருவைப் பார்த்து இருந்தது. வெந்த பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் பட் பட்டென்று அடித்து, இதழ் இதழாக உதிர்த்து இலையில் போட்டார்கள். சால்னாவைக் கேட்டு ஊற்றும் வழக்கம் இல்லை. ஊற்றுவார்கள். நிறுத்தச் சொன்னால் ஊற்றிவிட்டு நிறுத்துவார்கள். மைதா பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எனக்கு ஒரே ஒரு பரோட்டா போதும் என்றேன். பரிமாறிய பையன், "ஒண்ணு எண்ணிக்கையில வராது அண்ணாச்சி" என்று இரண்டு வைத்தான். அவன் சொன்ன கணக்கில் நியாயம் இருந்ததால் அதற்கப்புறம் நான் எண்ணவில்லை. பரோட்டா எங்கே பிறந்தது, எப்படித் தெற்கே பரவியது என்று எனக்கு ஒரு கருத்து உண்டு. வாய் நிறைந்திருந்ததால் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டு முடித்ததும், "இன்னிக்குத்தான் டூர் வந்த மாதிரி இருந்துச்சு" என்றாள் மனைவி.

ஆட்டோக்காரர் சொன்னது பாதிதான் சரி என்பது என் கட்சி. பார்க்கவும் நிறைய இருக்கிறது. ஆனால் அதில் எதுவும் சுற்றுலாக்காரனுக்காக வைத்ததில்லை. உப்பளம் உப்புக்காக, துறைமுகம் சரக்குக்காக, தெரேஸ்புரத்துப் படகுகள் மீனுக்காக. ஊர் தன் வேலையைப் பார்க்கிறது. நாம் குறுக்கே நிற்காமல் ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளலாம். 2008-ல்தான் மாநகராட்சி ஆன ஊர், பெருநகரத்தின் அடிபிடி இன்னும் வரவில்லை. இந்த அளவு ஊரில்தான் பெண்டு பிள்ளைகளோடு போய், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் பார்த்துவிட்டு, மத்தியானம் தூங்கவும் முடியும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரை வெயிலைத் தவிருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீன் சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் தேதி பார்த்துப் போங்கள். உப்பளத்துக்கு விடியலில் போங்கள், பாத்தியில் மட்டும் நிற்காதீர்கள். கரையில் பவளத் துண்டு கிடைத்தால் குழந்தைகள் கேட்டாலும் பையில் போடாதீர்கள், வனவிலங்குச் சட்டம் அதற்கும் உண்டு. மக்ரூனுக்குக் காற்றுப் புகாத டப்பா கொண்டுபோங்கள், ஈரக்காற்று பட்டால் நமத்துவிடும். உறவுக்காரர்களுக்கென்று அரைக் கிலோ வாங்கினால் ரயில் மணியாச்சி தாண்டுவதற்குள் தீர்ந்துபோகும், ஆகவே ஒரு கிலோவாக வாங்குங்கள். அதுவும் தீர்ந்துவிட்டால் கவலைப்படாதீர்கள். அடுத்து வருவது கோவில்பட்டி, அங்கே கடலை மிட்டாய் கிடைக்கும். 2020 முதல் அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது, உறவுக்காரர்கள் மறுபேச்சுப் பேச முடியாது.